அறையில் இன்னொரு நபர்

இது எனக்கு நடந்தது. தனியாக இருக்கிறவளுக்குப் பிரமை என்று சொல்வீர்கள், தெரியும். ஆனால் நான் எதையுமே பார்க்கவில்லை. பார்த்தது ஆபீஸ் கேமரா. அதுவும் பட்டப்பகலில்.

நோயாளிகளின் பில் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. வீட்டிலிருந்தே செய்கிறேன். கம்பெனி கொடுத்த லேப்டாப் அவ்வப்போது என்னைப் படம் எடுத்து அனுப்பும். நோயாளிகளின் விவரம் வெளியே போகக் கூடாது என்பதால் வேலை செய்யும் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. மூன்று எச்சரிக்கை வந்தால் வேலை போய்விடும்.

எனக்கு அந்தக் கவலையே இல்லை. விவாகரத்துக்குப் பிறகு என் வாசற்படியை மிதிப்பவர் தண்ணீர் கேன் போடுபவர் ஒருவர்தான். அவரும் உள்ளே வருவதில்லை. சில நாள் யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தூங்கப் போவேன்.

அன்று மதியம் 2.15. திரையில் சிவப்புக் கட்டம்.

‘அறையில் இன்னொரு நபர். முதல் எச்சரிக்கை.’

திரும்பிப் பார்த்தேன். கட்டில். அலமாரி. சாத்திய கதவு. மெஷினுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரித்துக்கொண்டேன். ஆனாலும் கொடியில் கிடந்த சுடிதாரை எடுத்து மடித்து வைத்தேன். கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

3.05. இரண்டாவது எச்சரிக்கை.

டீம் லீடர் போன் செய்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் சார்தான்.

“மேடம், யாரு அந்த லேடி?”

“யாரும் இல்ல சார். நான் மட்டும்தான்.”

“படத்துல இருக்காங்களே.”

“எங்க?”

“உங்க தோள்கிட்ட. குனிஞ்சு ஸ்கிரீனைப் பாக்குறாங்க.”

சட்டென்று தோளைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

“அந்தப் படத்தை அனுப்புங்க சார்.”

“முடியாது மேடம். இன்னொருத்தங்க படம். அவங்க சம்மதம் இல்லாம தரக் கூடாது. ரூல்.”

நாளெல்லாம் என்னைப் படம் எடுக்கிறார்கள். நான் கொட்டாவி விட்டால்கூட அவர்களுக்குத் தெரியும். ஆனால் இல்லாத ஒருத்தியின் அந்தரங்கத்துக்கு இவ்வளவு மரியாதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வேணும்னா அவங்ககிட்ட நானே பேசுறேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மேஜையை இழுத்துப் போட்டேன். நாற்காலியைச் சுவரோடு ஒட்டினேன். இப்போது என் முதுகுக்குப் பின்னால் சுவர். ஒரு ஆள் நிற்க இடமே இல்லை.

தட்டச்சு செய்தேன்... டக், டக், டக்.

நிறுத்தினேன்.

டக்.

என் விரல் மடியில் இருந்தது.

“போயிடு” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “இந்த வேலைதான் எனக்குச் சோறு போடுது. தயவுசெஞ்சு போயிடு.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... பயத்தோடு பயமாக, யாரிடமோ பேசினோம் என்று ஒரு நிம்மதியும் இருந்தது.

3.40.

மூன்றாவது எச்சரிக்கை.

திரை அணைந்தது.

கட்டிலில் விழுந்து அழுதேன். அழுதபடியே தூங்கிப்போனேன். எழுந்தபோது மறுநாள் விடிந்திருந்தது. போன் அடித்துக்கொண்டிருந்தது.

“மேடம், பிரச்சினை முடிஞ்சுது. எச்சரிக்கை மூணையும் எடுத்தாச்சு. நீங்க லாகின் பண்ணலாம்.”

“எப்படி சார்?”

“நேத்து சாயங்காலம் அவங்ககிட்ட பேசினேன். ரொம்பத் தன்மையாப் பேசினாங்க.”

“யார்கிட்ட?”

“உங்க வீட்ல இருக்கிறவங்ககிட்டதான். உங்க நம்பருக்குத்தான் கூப்பிட்டேன். ‘பாவம், இப்பத்தான் தூங்குறா, எழுப்ப வேண்டாம்’னாங்க. படத்தைத் தரவும் சம்மதிச்சாங்க. அனுப்பட்டுமா?”

“வேண்டாம் சார்.”

போனில் தேடினேன். முந்தின நாள் மாலை 5.20. டீம் லீடர். பேசிய நேரம் பதினொரு நிமிடம். போன் என் தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

“ஒண்ணும் கவலைப்படாதீங்க மேடம்” என்றார் அவர். “இனிமே வேலை நேரத்துல உங்க ரூமுக்குள்ள வர மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை.

என் வேலை நேரம் ஆறு மணிவரைதான்.