அவசரம் லேது

ஒரு நாளில் ஒருவருக்காவது உதவி செய்யாவிட்டால் சம்பந்தத்துக்கு மறுநாள் காலை வயிறு இறங்காது. இதை அவர் வெளியே சொன்னதில்லை. மனைவி வசந்திக்கு மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு வரை யாரும் அகப்படாமல் அவர் பால்கனிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தால், "ஏங்க, இந்த ஊறுகாய் பாட்டிலைத் திறந்து குடுங்க" என்பாள். அவளே திறந்த பாட்டில்தான். இறுக்கி மூடிவிட்டுக் கொண்டுவந்து நீட்டுவாள்.

சீர்காழிக்காரர். ஐம்பத்தாறு வயது. நாச்சாரத்தில் குக்கர் கேஸ்கட் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. எட்டு மணி நேரம் ரப்பர் வளையங்களை இழுத்தும் முறுக்கியும் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்துப் போடுவார். வேலை முடிந்து ஏ.எஸ்.ராவ் நகருக்குப் பஸ் ஏறினால் மனிதர்களையும் அதே கண்ணால்தான் பார்ப்பார். தேறாதவர் ஒருவர் தென்பட்டால் முகம் மலர்ந்துவிடும்.

ஹைதராபாத் வந்து ஆறு வருடம். வந்த புதிதில் ஓர் ஆட்டோக்காரர் "கைக்கு?" என்றார். ஊர் உருதுவில் ஏன் என்று கேட்கிறார் என்பது தெரியாமல் சம்பந்தம் கையை நீட்டினார். அவரும் குலுக்கிவிட்டுப் போனார். அதெல்லாம் பழைய கதை. இப்போது தெலுங்கு தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைப்பு. "பாதி நம்ம வார்த்தைதான். கடைசியில ஒரு லு போட்டா முடிஞ்சுது" என்பார். எதிராளி ஆங்கிலத்தில் பேசினாலும் தெலுங்கில்தான் பதில். பிழைக்க வந்த ஊரின் பாஷையைப் பேசுவது மரியாதை என்பது அவர் கட்சி. மகள் சாஹித்யா பதினோராம் வகுப்பு. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லுகிற ரகம். அப்பா தெலுங்கு பேச ஆரம்பித்தால் மட்டும் பக்கத்தில் நிற்க மாட்டாள்.

இந்த ஊர்க்காரர்களிடம் அவருக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. உதவட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று யாரும் முகத்தில் அடித்தாற்போல் சொல்வதில்லை. "அவசரம் லேது" என்பார்கள். அவசரமில்லை, மெதுவாகச் செய்தால் போதும். என்ன பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்வார்.

மழையில் நனைந்தபடி கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் யாதய்யாவிடம் ஒருமுறை குடையை நீட்டினார். "அவசரம் லேது சார்" என்றார் யாதய்யா. அவசரமில்லை என்றாரே என்று மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் நல்ல வெயில். யாதய்யா குடையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். இன்னொரு நாள் பஸ் ஸ்டாப் அருகே ஸ்கூட்டரோடு நின்ற ஓர் இளைஞனிடம் வண்டி கிளம்பவில்லையா, தள்ளட்டுமா என்று கேட்டார். "அவசரம் லேது அங்கிள்." சரி என்று இவரும் பக்கத்தில் நின்றார். இருபது நிமிடம் கழித்து ஒரு பெண் வந்தாள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று நினைத்தாளோ என்னவோ, வந்த வழியே திரும்பிப் போனாள். "இந்தக் காலத்துல பொண்ணுங்களுக்குத்தான் அவசரம்" என்று சம்பந்தம் அவனைத் தேற்றினார்.

இப்படிப்பட்டவர் குடியிருக்கும் கட்டிடத்தில், அவர் தலைக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில் பூர்ணாவுக்கு மூட்டு மாற்று அறுவை நடந்தது.

பூர்ணாவுக்கு அறுபத்தெட்டு. மின்னணுக் கருவிகள் செய்யும் பெரிய அரசுத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாள். ஜன்னலோரம் ஒரு நீள மேஜை போட்டு, தெருவில் யார் வீட்டு ரேடியோ, மிக்ஸி, சார்ஜர் ரிப்பேரானாலும் சால்டரிங் பண்ணிக் கொடுத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தார். கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. மகன் வினய்க்கு பட்டான்செரு பக்கம் மருந்துக் கம்பெனியில் வேலை, அங்கேயே வீடு. நகரத்தின் அந்தக் கோடி. அறுவை முடிந்ததும் அவன் ஒரு நிபந்தனை போட்டான். மூன்று மாதம் பார்ப்பது. அதற்குள் தனியாகப் படியேறி, தனியாகக் காரியம் பார்த்துக்கொள்ள முடிந்தால் அம்மா இங்கேயே இருக்கலாம். முடியாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவனோடு வந்துவிட வேண்டும். அங்கே அம்மாவுக்கென்று ஓர் அறை வைத்திருந்தான். அதில் ஏற்கெனவே ஒரு ட்ரெட்மில் குடியிருந்தது.

இந்த ஒப்பந்தத்தைப் பூர்ணா சம்பந்தத்திடம் தெலுங்கில் விளக்கமாகவே சொல்லியிருந்தார். இவருக்கு அதில் 'வினய்', 'மூடு நெலலு' இரண்டும் பிடிபட்டன. மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொண்டார்: மகன் மூன்று மாதம் எட்டிப் பார்க்க மாட்டான். இவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

அன்றிலிருந்து பூர்ணா படியில் கால் வைத்தால் அங்கே சம்பந்தம் நின்றார். பையை வாங்கக் கை நீட்டுவார். "அவசரம் லேதண்டி" என்பார் பூர்ணா. "நாக்கு கூட அவசரம் லேது", எனக்கும் அவசரமில்லை என்று இவர் படியிலேயே உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்தவரைத் தாண்டிப் போக இடமில்லாததால் பூர்ணா பையைக் கொடுத்துவிடுவார்.

ஒருநாள் பூர்ணா பொறுமையிழந்து ஆங்கிலத்திலேயே சொன்னார். "நோ நீட், மிஸ்டர் சம்பந்தம். ரியலி." இவர் அதை ராத்திரிச் சாப்பாட்டின்போது யோசித்தார். ஆங்கிலத்தில் சொன்னது ஒப்புக்கு. காப்பி வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வதில்லையா. தாய்மொழியில் சொன்னதுதான் மனசிலிருந்து வந்தது.

"அந்தம்மா உங்களைப் பார்த்தா வேகமா ஏறுறாங்க, கவனிச்சீங்களா?" என்றாள் வசந்தி.

"ஆமா. என்னைப் பார்த்ததும் ஒரு தெம்பு."

பூர்ணா யோசனை செய்து, இவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் படியேறிப் பழக ஆரம்பித்தார். பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பையில் இரண்டு கிலோ வெங்காயம் போட்டுக்கொண்டு இறங்குவார், ஏறுவார். தனக்குத் தெரியாமல் ஒருவர் சிரமப்படுகிற விஷயம் யாதய்யா மூலம் சம்பந்தத்துக்கு எட்டியது. ஃபோர்மேனிடம் கெஞ்சிக் காலை ஷிஃப்ட் வாங்கிக்கொண்டார். மூன்று மணிக்குப் படியில் இருந்தார்.

மூன்று மாதக் கெடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. சனிக்கிழமை மாலையே வினய் வந்துவிட்டான். கேட்டில் சம்பந்தத்தைப் பார்த்து, "அங்கிள், அம்மா மேனேஜ் பண்றாங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

இப்படி ஒரு கேள்விக்காகத்தானே மனிதன் காத்திருக்கிறான். சம்பந்தம் தெலுங்கில் விரல் விட்டு எண்ணினார். பால் நான். காய்கறி நான். கேஸ் சிலிண்டர் நான். பல்பு மாற்றியது நான். படியில் ஏற்றியது நான், இறக்கியது நான். "நேனு லேது அண்டே மேடம் லேது" என்று முடித்தார். நான் இல்லையென்றால் மேடம் இல்லை.

வினய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "தாங்க்ஸ் அங்கிள். இவ்வளவு மோசம்னு எனக்குத் தெரியாது."

அதில் தாங்க்ஸ் மட்டும் சம்பந்தத்தின் காதில் விழுந்தது.

அரை மணி நேரத்தில் பூர்ணா ஒரு மாடி இறங்கி வந்து பெல்லை அடித்தார். முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறார் என்று சம்பந்தம் நாற்காலியைத் துடைத்தார். பூர்ணா உட்காரவில்லை. சாஹித்யாவைக் கூப்பிட்டுத் தெலுங்கில் நிதானமாக ஐந்து நிமிடம் பேசினார். சாஹித்யாவின் முகம் போன போக்கைப் பார்த்து வசந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அப்பா, ஆண்ட்டியைக் கூட்டிட்டுப் போறாராம் அவங்க பையன். தனியா எதுவும் முடியலைன்னு நீங்க சொன்னீங்களாம். தனியா இருந்து காட்டினா இங்கயே இருக்கலாம்னு டீல். நாளைக்கு லாஸ்ட் டேட். மூணு மாசமா தினமும் உங்ககிட்ட வேண்டாம் வேண்டாம்னு சொன்னாங்களாம். ஏன் கேக்கலைன்னு கேக்கறாங்க."

"வேண்டாம்னு சொன்னாங்களா? எப்ப சொன்னாங்க? அவசரம் இல்லைன்னுதானே சொன்னாங்க."

சாஹித்யா அவரைப் பார்த்தாள். "அப்பா. தெலுங்குல அவசரம்னா தேவை. அவசரம் லேதுன்னா தேவையில்லை."

சம்பந்தம் துடைத்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார். "அப்ப அவசரத்துக்கு என்ன சொல்லுவாங்க?"

"தொந்தர."

"அது பொருத்தமாத்தான் இருக்கு" என்றாள் வசந்தி.

சாஹித்யா பூர்ணாவுக்குத் தமிழ் அர்த்தத்தைத் தெலுங்கில் சொன்னாள். பூர்ணா ஒரு நிமிடம் கணக்குப் போடுவதுபோல் நின்றார். மூன்று மாதமாக இந்த மனிதரிடம் தினம், அவசரமில்லை, அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரிப்பில் வந்த நீர் மட்டும் அல்ல என்பது சம்பந்தத்துக்கே தெரிந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமில்ல, ஏன் சொல்லலை?" என்று மகளிடம் கேட்டார்.

"உங்களுக்கும் தெரியும்னு நினைச்சேன். தெரிஞ்சேதான் பண்றீங்கன்னு."

சம்பந்தம் யோசித்தார். வெயிலில் குடையை வாங்கிக்கொண்ட யாதய்யாவின் முகம் ஞாபகம் வந்தது. ஸ்கூட்டர் இளைஞன் முகம் வந்தது. ஆறு வருடத்தில் எத்தனையோ முகங்கள். அவற்றில் ஒன்றுகூட, அப்புறம் வா என்று சொல்கிற முகமாக இல்லை. அகராதி இல்லாமலே படித்திருக்கலாம்.

பிறகு அவரும் பூர்ணாவும் மேலே போய் வினய்யிடம் பேசினார்கள். சம்பந்தம் ஆங்கிலத்தில் பேசினார். ஆறு வருடத்தில் கட்டிடத்துக்குள் அவர் பேசிய முதல் ஆங்கிலம் அது. நான் செய்ததெல்லாம் அவர்களுக்குத் தேவைப்படாதது, எனக்குத்தான் தேவைப்பட்டது என்றார். வினய் நம்பவில்லை. கடைசியில், நாளைக் காலை அம்மா கடைக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு தனியாக மேலே வரட்டும், அப்புறம் பேசலாம் என்றான்.

"உங்களை உள்ள வெச்சுப் பூட்டிடவா?" என்றாள் வசந்தி காலையில்.

"என்னை நம்பு."

"சாவி என் கையில இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

சம்பந்தம் தன் வீட்டு வாசலில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாம் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து வினய் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். பூர்ணா ஏறிவரும் சத்தம் கேட்டது. ஒரு கால், மறு கால், பை சுவரில் உரசும் சத்தம். முதல் மாடியில் நின்றார். மூச்சு கேட்டது. சம்பந்தத்தின் வலது கால் தானாக ஒரு படி இறங்கியது. வசந்தி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்தாள்.

பூர்ணா இரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்தார். பையை மாற்றிப் பிடித்தபோது ஓர் எலுமிச்சம்பழம் துள்ளி விழுந்து, உருண்டு, சம்பந்தத்தின் கட்டைவிரலில் இடித்து நின்றது.

எட்டு மணி நேரம் கேஸ்கட் இழுக்கிற விரல்கள் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டன. ஏறுவது வேறு, குனிவது வேறு. புது முட்டியோடு குனிவதுதான் கஷ்டம் என்று மூன்று மாதமாகப் பார்த்தவருக்குத் தெரியும். பூர்ணா பையைக் கீழே வைத்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் பின்னால் நீட்டினார். பாதிவழியில் நின்றார். மேலே வினய்யின் செருப்புச் சத்தம் கேட்டது. இறங்கி வருகிறான்.

"அவசரம் லேது" என்றார் சம்பந்தம் உரக்க.

வினய் படியிலேயே நின்றுவிட்டான். பூர்ணா, குனிந்த நிலையிலேயே தலையைத் திருப்பி, சம்பந்தத்தைப் பார்த்தார். அவருக்கு அது தமிழில் கேட்டிருக்க வேண்டும். ஒரு நீள மூச்சு விட்டார். அவசரப்படாமல், இன்னும் கொஞ்சம் குனிந்து, பழத்தை எடுத்தார். நிமிர இன்னும் அதிக நேரமாயிற்று. பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு, வழிவிட்டு நின்ற மகனைத் தாண்டி மேலே போனார்.

வினய் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினான். இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று சொன்னானாம். ட்ரெட்மில்லை நகர்த்தும் வேலை மிச்சம் என்று பூர்ணா சொன்னதாக சாஹித்யா சொன்னாள்.

திங்கட்கிழமை காலை சம்பந்தத்துக்கு வயிறு இறங்கவில்லை. எதிர்பார்த்ததுதான். வசந்தி ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்தாள். "அது திறந்துதான் இருக்கு, எனக்குத் தெரியும்" என்றார். அவள் உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

கீழே யாதய்யா தண்ணீர்க் கேன்களை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். சம்பந்தம் வழக்கம்போல் கை நீட்டினார்.

"அவசரம் லேது சார்."

சம்பந்தம் தலையாட்டிவிட்டு நடந்தார். கேட் வரை போய்விட்டார். திரும்பி வந்தார்.

"அவசரம் லேதா, தொந்தர லேதா?"

யாதய்யா அவர் முகத்தைப் பார்த்தார். ஆறு வருடமாகப் பார்க்கிற முகம். கேன்களை ஒருமுறை பார்த்தார். ஓரத்தில் கிடந்த காலிக் கேன் ஒன்றை எடுத்து, பிடித்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் நீட்டினார்.

"பட்டுக்கோண்டி சார். கொஞ்சம் கனம்."

சம்பந்தம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.