பலாமரத்தில் எழுதிய மூன்று

“2001 பிப்ரவரி 11, ஞாயிறு. கொல்லிமலை, எடப்புளி நாடு. மிளகுத் தோட்டத்துப் பலாமரம், உயரத்தில் பொந்து. பெரிய பச்சைக்கிளி, ஜோடி. தோளில் கருஞ்சிவப்புத் திட்டு. பெண் உள்ளே, ஆண் இரை ஊட்டுகிறது. அடையாளத்துக்கு மரத்தில் 3 என எழுதினேன்.”

அன்று என் குறிப்பேட்டில் எழுதியது இவ்வளவுதான். சுண்ணாம்பால் எழுதினேன் என்பதைக் குறிக்கவில்லை.

ஊருக்குள் பார்க்கும் கிளியைவிட இது பெரியது. கூண்டுக்காகக் குஞ்சிலேயே பிடித்துப் பிடித்து அரிதாகிவிட்ட இனம். அந்த மலையில் நான் அதைப் பார்த்தது அதுவே முதல் முறை. அதற்கு முன் 1, 2 என எழுதியவை பேளுக்குறிச்சிப் பக்கம் சாதாரணக் கிளிகள் இருந்த மரங்கள்.

இரண்டு வாரம் கழித்து, 25ஆம் தேதி, பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே கோடாலிச் சத்தம் கேட்டது. தோட்டத்தில் சில சில்வர் ஓக் மரங்கள் சாய்ந்து கிடந்தன. பலாவின் அடியில் ஒருவர் கோடாலியை ஓங்கிக்கொண்டிருந்தார். மேலே இரண்டு கிளிகளும் கத்தியபடி சுற்றின. ஓடினேன்.

“நிறுத்துங்க! பொந்துல குஞ்சு இருக்கும்!”

“வியாபாரி குறி போட்ட மரமுங்க. மூணுன்னு இருக்குது பாருங்க.”

“அது நான் போட்டதுங்க.”

மரம் வெட்டுபவர் கோடாலியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “ஏனுங்க, கிளிக்கு நம்பர் போட மரந்தான் கெடச்சுதுங்களா? இங்க சுண்ணாம்பு வெச்சா வித்த மரமுன்னு அர்த்தமுங்க.”

சத்தம் கேட்டு வந்த தோட்டத்துக்கார அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “ஊட்டுக்காரரு பலாவையும் வித்துப்போட்டாருன்னு காலையில இருந்து அவரோட பேச்சே இல்லீங்க! அந்த மனுசன் நாந்தான் வித்தேன்னு நெனச்சு உம்முன்னு போயிருக்குது.”

வெட்டு ஒரு விரல் ஆழம்தான். வெட்டியவரே செம்மண்ணைக் குழைத்து அதில் அப்பினார். நான் ஈரத் துண்டால் எண்ணை அழித்தேன். நாங்கள் விலகிய பிறகு பெண் கிளி உள்ளே போனது. குஞ்சுகளின் மெல்லிய குரல் கேட்டது.

ஏப்ரல் 8 அன்று போனபோது பொந்து காலியாக இருந்தது.

“பறந்து போயிருக்குமுங்க சாமி,” என்றார் அந்த அம்மா.

“பாத்தீங்களா?”

“இல்லீங்க.”

பொரித்த பிறகு ஏழு வாரம் போலக் குஞ்சுகள் பொந்திலேயே இருக்கும். இவை எந்த நாளில் பொரித்தன என்று தெரியாது; என் முதல் வருகையிலிருந்து எட்டு வாரம், இரண்டாவதிலிருந்து ஆறு. பறந்திருக்கலாம், யாராவது ஏறி எடுத்தும் இருக்கலாம்.

அதன்பின் எந்த மரத்திலும் நான் எதையும் எழுதியதில்லை. ஒரு குறியை அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று கேட்காமல் வைத்தால் என்ன ஆகும் என்பதை அந்த வெட்டு காட்டிவிட்டது. குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தில் பிறகு சேர்த்த கடைசி வரி இன்றும் அப்படியே இருக்கிறது: “குஞ்சுகள் பறந்தன — உறுதி செய்யப்படவில்லை.”