பிராந்தி நனைத்த சட்டை

எண்பதுகளின் நடுவில் ஒரு மாசி மகம். சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வந்து வரிசையாக நிற்கும் நாள். மணல் தகதகத்தது. சாமிக் குடைகள் காற்றில் சாய்ந்து சாய்ந்து ஆடின. மேளச் சத்தமும் அலைச் சத்தமும் கலந்து, நின்ற இடத்திலேயே மிதப்பது போல இருந்தது எனக்கு.

அப்போது நான் மில் தொழிலாளி. எட்டு மாதம் முன்புதான் அம்மன் கோயிலில், மனைவி பக்கத்தில் நிற்க, எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, இனி குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன். அதற்கு முன்பு இரண்டு முறை மகள் தலையில் கை வைத்துச் சொல்லி, இரண்டு முறையும் பதினைந்து நாள்கூடத் தாங்காதவன் நான். இதுவும் போனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திண்டிவனத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விடுவேன் என்று அவள் சொல்லியிருந்தாள். விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை. ஆனால் கற்பூரம் அணைத்த பிறகு ஒரு சொட்டுகூட நான் தொட்டதில்லை.

அன்றைக்குக் கடற்கரையில் சுடச்சுட வடையும் பஜ்ஜியும் வயிறு முட்டத் தின்றேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு வலி. முதுகைத் துளைத்துக்கொண்டு போனது. மணலில் சுருண்டுவிட்டேன். கூட வந்த மில் நண்பன், நம்மூர்க்காரர்கள் செய்கிற வைத்தியத்தைத்தான் செய்தான். மடியிலிருந்த பிராந்தியை எடுத்து, வாயுப் பிடிப்பு கலையட்டும் என்று என் வயிற்றில் ஊற்றித் தேய்த்தான். வாயிலும் ஊற்ற வந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினேன். சட்டை முழுக்க நனைந்ததுதான் மிச்சம்.

ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மனைவி ஓடி வந்தாள். என் வாயைத் துடைக்கக் குனிந்தவள் பிராந்தி வாடை அடித்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"கற்பூரம் அணைச்ச கைதானே இது?"

"தேச்சது நான்தான் தங்கச்சி, அவன் குடிக்கல" என்றான் நண்பன்.

"நீ வேற சொல்லணுமா? அவருக்கு நீ சாட்சி, உனக்கு அவரு சாட்சி."

நான் குடிக்கவில்லை என்று நானும் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்தாள். குடிப்பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டதற்கு, உண்டு என்று அவளே பதில் சொன்னாள். வார்டில் வேலை பார்த்தவர், "வாயை ஊதச் சொல்ல வேணாம் சார், சட்டையே ஊதுது" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

கணையம் வீங்கியிருக்கிறது, குடிக்கிறவர்களுக்கு வருவதுதான் என்றார் டாக்டர். வாயில் ஒன்றும் தரக்கூடாது, சொட்டுச் சொட்டாகக் குளுக்கோஸ் மட்டும். வலிக்குப் போட்ட ஊசியில் கட்டிலோடு நான் எங்கேயோ போய்க்கொண்டிருந்தேன். கட்டிலுக்கு அடியில் அலை வந்து வந்து திரும்பியது. மின்விசிறி சாமிக் குடையாகச் சுழன்றது. குடைக்குக் கீழே என் மகள் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போனாள். கூப்பிட்டேன், குரல் வரவில்லை. கண் திறந்தால் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாம் நாள் விடிந்ததும் அவள் நிதானமாகச் சொன்னாள்: "நீ எழுந்து உக்கார்ற வரைக்கும் இருப்பேன். அப்புறம் போறேன். துணியெல்லாம் கட்டி வச்சிட்டேன்."

அன்றைக்குக் காலை வேறொரு டாக்டரம்மா வந்தார். குடியைப் பற்றிக் கேட்கவில்லை. இதற்கு முன் எப்போதாவது வயிறு வலித்ததா என்று கேட்டார். நான் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் கிடந்தேன். மனைவிதான் யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"தீவாளியிலருந்தே எண்ணெய்ப் பலகாரம் தின்னா வலது பக்க விலாவைப் புடிச்சிக்குவாருங்க. நான்தான் அஜீரணம்னு கஷாயம் வச்சிக் குடுத்தேன்."

டாக்டரம்மா என் கண்ணை இழுத்துப் பார்த்தார். வெள்ளை விழி மஞ்சளாகியிருந்தது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பித்தப்பை நிறையக் கற்கள். அதிலொன்று நழுவி, கணையத்து நீர் வருகிற வழியை அடைத்திருந்ததாம். இந்த நோய்க்குக் குடியும் காரணமாகும், பித்தக்கல்லும் காரணமாகும். பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் என்று எங்களுக்குப் புரியும்படி சொன்னார்.

"அப்ப இவரு குடிச்சி வரலீங்களா?"

"கல்லாலதாம்மா வந்திருக்கு. நீ சொன்ன அந்த விலா வலிதான் வழி காட்டிச்சு."

டாக்டரம்மா போன பிறகு அவள் ஜன்னலோரமே போய் உட்கார்ந்தாள். ஜன்னலில் வெயில் ஏறியது. பிறகு கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ அன்னிக்கே சொன்ன. நான்தான் நம்பல" என்றாள். என் போர்வையை இழுத்துவிட்டபடி, "இதே குரல்லதான் முன்னாடி ரெண்டு தடவையும் சொன்ன. நான் எதை வச்சி நம்புறது?" என்றாள்.

கோபமே இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய்க் கட்டி வைத்த துணியை அவிழ்த்தாள் என்று பிறகு மகள் சொல்லித் தெரியும்.

உடம்பு தேறிய பிறகு பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அந்த வலி வந்ததில்லை. கற்பூரச் சத்தியத்தையும் மீறவில்லை. ஆனால் என் மனைவி அன்று நம்பாததை நான் ஒரு நாளும் குறையாக நினைத்ததில்லை. உண்மையைச் சொல்லியும், வேறொருவர் படம் எடுத்துக் காட்டிய பிறகே என் வீட்டில் அது உண்மையானது. அப்படி ஒரு நிலைக்கு என் வார்த்தையை நானேதான் கொண்டுபோய் விட்டிருந்தேன் என்பது இன்றைக்கும் அவளிடம் ஒரு சின்ன விஷயம் சொல்ல வாய் திறக்கும்போதுகூட என்னை ஒரு கணம் நிறுத்திவிடுகிறது.