இருக்கக் கூடாத ஸ்டூலிலை நான் இருந்த கதை

ஓம், இருந்தனான். அந்த ஸ்டூலிலை நான்தான் இருந்தனான். முழுசா மூண்டரை நிமிசம். நான் எப்ப இல்லையெண்டனான்? "கலைப்பொருளை நாசமாக்கின தொழிலாளி" எண்டு கடையின்ரை இணையப் பக்கத்திலை படத்தோடை போட்டிருக்கிறியள், எமில் அண்ணை. மன்னிப்புக் கேக்கும்வரைக்கும் வேலைக்கு வரவேண்டாமாம். நீங்கள் போட்டது வெள்ளிக்கிழமை. ஞாயிறு பூசை முடிஞ்சு வெளியிலை வர முன்னம் அம்மாட்டை ஏழு பேர் விசாரிச்சிட்டினம். அப்ப நானும் எழுதத்தான் வேணும்.

றெக்கோட் கடையிலை வேலை எண்டால் நாள் முழுக்கப் பாட்டுக் கேக்கிற வேலை எண்டு எல்லாரும் நினைக்கினம். அது நாள் முழுக்க நிக்கிற வேலை. சுப்பர்மார்க்கெட்டிலை, மருந்துக்கடையிலை, தெருமூலை டெபானர் கடையிலை கவுண்டருக்குப் பின்னாலை நிண்டு நிண்டு குதிக்கால் செத்துப்போன என்ரை சொந்தங்களே, முழுக்க வாசிச்சிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கோ.

சாயாதை

எங்கடை கடை மொன்றியலிலை, வில்லரேயிலை. பழசும் புதுசுமா றெக்கோட் விக்கிறது. முதலாளி எமில் அண்ணை, மன்னார் ஆள். பின்னுக்கு லைட்டுக்குக் கீழை இருந்து பழைய றெக்கோட்டுகளிலை கீறல் பாக்கிறது கார்த்திக், சென்னையிலை இருந்து படிக்க வந்தவர். கவுண்டரிலை நான். கார்த்திக்குக்குக் கதிரை இருக்கு, எனக்கு இல்லை. கவுண்டரிலை ஆள் கதிரையிலை இருந்தால் சனம் கடை படுத்திட்டுது எண்டு நினைக்குமாம். இது எமில் அண்ணையின்ரை கண்டுபிடிப்பு.

இங்கிலாந்தின்ரை வடக்கிலை இருந்து ஒரு புது பாண்ட். நாலு பேர். அவையின்ரை முதல் அல்பத்துக்குப் பேர் "டீ பிரேக்". பத்துப் பாட்டு, பத்தும் வேலையையும் வாடகையையும் அரசாங்கத்தையும் பற்றினது. பெட்டி வந்த அண்டைக்கு எமில் அண்ணை தானே வெட்டித் திறந்து, தானே ஊசியை வைச்சார். மூண்டாவது பாட்டு ஒரு கிடங்கிலை பார்சல் கட்டிற பொம்பிளையளைப் பற்றினது. முதலாளி அவையின்ரை கதிரையளை எல்லாம் எடுத்துப்போடுறான். எமில் அண்ணை கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சார். மன்னாரிலை இளந்தாரியா இருக்கேக்கை லொறிக்காரரோடை சேர்ந்து ஸ்ட்ரைக் செய்த கதையைப் பதினோராம் தரமா எனக்குச் சொன்னார். நான் காலமை பத்து மணியிலை இருந்து நிக்கிறன். கதை நீளுது எண்டு முழங்கையைக் கவுண்டரிலை ஊண்டினன். கண்ணீரோடை திரும்பிப் பாத்துச் சொன்னார்: "சாயாதை, பிள்ளை. பாட்டைக் கேள்."

சிபாரிசு அட்டை

எங்கடை தொழிலிலை ஒரு வழக்கம் இருக்கு. வேலை செய்யிற ஆள் தனக்குப் பிடிச்ச றெக்கோட்டுக்குக் கீழை ஒரு சின்ன அட்டையிலை கையாலை ரெண்டு வரி எழுதி ஒட்டவேணும். "டீ பிரேக்"குக்கு எழுதச் சொல்லி எனக்கு உத்தரவு. எழுதினன்: "மூண்டாவது பாட்டு, கதிரை பறிச்ச முதலாளியைப் பற்றினது. இதை எழுதினவள் நிண்டுகொண்டு எழுதினவள்." எமில் அண்ணை வாசிச்சார், தலையாட்டினார், அருமை எண்டார். தன்னைத்தான் சொல்லிறன் எண்டு அந்த மனுசனுக்குப் பிடிபடவே இல்லை.

றெக்கோட் பறந்துது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலை இருந்து ஒரு தாடிக்காரர், பஸ்ஸும் மெட்ரோவுமா ஒண்டரை மணித்தியாலம் வந்தவர், அட்டைக்கு முன்னாலை கை கட்டிக்கொண்டு நிண்டார். ரெண்டாவது வரி எந்தக் கவிஞர் எழுதினது எண்டு பிரெஞ்சிலை கேட்டார். கவிதை இல்லை ஐயா, நான் எழுதினது, எனக்குக் கால் நோகுது எண்டன். கண்ணை மூடித் திறந்தார். "இப்ப இன்னும் ஆழமாய் இருக்கு."

திரேசா மாமி

லவாலிலை இருந்து திரேசா மாமி வந்தா. கோயிலிலை அம்மாவோடை பாடிறவ, ஹோட்டல் லோண்டரியிலை வேலை. மகனுக்குப் பிறந்தநாள், உந்தத் தேத்தண்ணி றெக்கோட்தான் வேணுமாம். ஆனால் கேக்காமல் வாங்கமாட்டாவாம், தூசணம் கீசணம் இருக்கோ எண்டு பாக்கவேணுமாம். போட்டுவிட்டன். கைப்பையை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு ஒரு பக்கம் முழுசாக் கேட்டா. அவங்கள் மேலதிக நேரம், சுகயீன லீவு, மேற்பார்வையாளர் எண்டு தொண்டை கிழியக் கத்திறாங்கள். மாமிக்கு இரக்கமாப் போச்சு. தன்ரை இடத்திலை யூனியன் சொல்லி, துணி மடிக்கிற எல்லாருக்கும் உயரமான கதிரை வாங்கிக் குடுத்ததாம். அது தன்ரை வீட்டுக் கதிரையை விட நல்ல கதிரையாம். எமில் அண்ணைக்குக் கேக்கக்கூடியதாக் கேட்டா: "யூனியனிலை சேர்ந்தால் இவ்வளவு கத்தத் தேவையில்லையே பிள்ளை, உந்தப் பெடியளுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

எமில் அண்ணை அந்த நேரம் பாத்து அலுமாரி துடைக்கப் போயிட்டார்.

கிறிஸ்மஸ் பெட்டி

மாமி தந்த தைரியத்திலை ஒரு வேலை பாத்தன். விக்காத கிறிஸ்மஸ் றெக்கோட் நிறைஞ்ச பிளாஸ்ரிக் பெட்டி ஒண்டு பின்னுக்குக் கிடந்தது. அதை இழுத்துக் கவுண்டருக்குப் பின்னாலை வைச்சு, அதிலை இருந்தன். கவுண்டருக்கு மேலை என்ரை நெத்தி மட்டும்தான் தெரியும். எண்டாலும் என்ன சுகம். ரெண்டு நாள் கழிச்சுப் பெட்டியைக் காணேல்லை. பங்குனி மாசத்திலை, வாசலிலை, "கிறிஸ்மஸ் றெக்கோட் இலவசம்" எண்டு எழுதி வைச்சிருக்கிறார்.

பேந்து கார்த்திக்கிட்டைப் போனன். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் இடம் மாறுவம், நான் கீறல் பாக்கிறன், நீங்கள் நில்லுங்கோ எண்டன். உரிமை, ஒற்றுமை, வரலாறு எல்லாம் சொல்லிப் பாத்தன். கார்த்திக் றெக்கோட்டை லைட்டிலை சாய்ச்சுப் பிடிச்சபடி யோசிச்சார். தன்ரை கதிரையை ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு சொன்னார்: "நான் உங்க பக்கம்தாங்க. ஆனா நான் எந்திரிச்சேன்னா இந்தச் சேரும் போயிடும்."

நாலு பாட்டு

பாண்ட் மொன்றியலுக்கு வந்தது. பின்னேரம் எங்கடை கடையிலை நாலு பாட்டுப் பாடுறதெண்டு ஏற்பாடு. கடை நிறைஞ்சு போச்சு. டிரம் அடிக்கிறவ ஒரு மெலிஞ்ச பொம்பிளை. தன்ரை ஸ்டூலின்ரை கால் வானிலை உடைஞ்சு போச்சு, ஏதும் இருக்கோ எண்டு கேட்டா. எமில் அண்ணை நிலவறைக்கு ஓடினார். ஏறி வரேக்கை கையிலை ஒரு ஸ்டூல். கறுப்பு மெத்தை, கால் வைக்கக் கம்பி, உயரம் அளந்து செய்த மாதிரி என்ரை கவுண்டருக்கு. முந்தி இருந்த கடைக்காரர் விட்டிட்டுப் போனதாம். ரெண்டு வருசமா என்ரை காலுக்குக் கீழை, நிலவறையிலை, அது சும்மா இருந்திருக்கு.

பாட்டு முடிய, டிரம் அடிச்சவ அதைத் திருப்பித் தரேக்கை, இது ஆற்றை ஸ்டூல் எண்டு கேட்டா. நான் விசயத்தைச் சொன்னன். அந்தப் பிள்ளை சிரிக்கேல்லை. எழுத ஒண்டு தாங்கோ எண்டா. கவுண்டரிலை கிடந்த வெள்ளைப் பேனையை எடுத்துக் குடுத்தது ஆர்? எமில் அண்ணை. அது நாங்கள் ஜன்னல் கண்ணாடியிலை "சேல்" எண்டு எழுதிற பேனை. ஈரத்துணி பட்டால் போயிடும். கறுப்பு மெத்தையிலை இங்கிலிசிலை எழுதினா: "கவுண்டரிலை நிக்கிறவளுக்கு. இதிலை இரு." கீழை கையெழுத்து. முதல் கை தட்டினது எமில் அண்ணை, அதையும் குறிச்சு வைச்சுக்கொள்ளுங்கோ. அவ ஸ்டூலை என்ரை பக்கம் தள்ளிவிட்டா. "எனக்கு நாலு பாட்டுக்கே இது தேவைப்பட்டது."

கண்ணாடிக்குப் பின்னாலை

அடுத்த நாள் துள்ளிக்கொண்டு வேலைக்கு வாறன், கவுண்டரிலை ஸ்டூல் இல்லை. ஜன்னலிலை நிக்குது. சுத்திவரப் பொலித்தீன், ரெண்டு பக்கமும் "டீ பிரேக்" அடுக்கி, மேலை ஒரு குட்டி லைட். கீழை ஒரு அட்டை. பிரெஞ்சிலை "இருக்கக் கூடாது". அதுக்குக் கீழை தமிழிலையும் "இருக்கக் கூடாது". எங்கடை கடைக்கு வாற சனத்திலை தமிழ் வாசிக்கிறது ஆர்? திரேசா மாமி வருசத்துக்கு ஒருக்கால் வருவா. கார்த்திக்குக்குக் கதிரை இருக்கு.

நான் சண்டை பிடிச்சன். அதிலை என்ன எழுதியிருக்கு எண்டு வாசிச்சுக் காட்டினன், ரெண்டு தரம். எமில் அண்ணை கோவிக்கேல்லை, அதுதான் இன்னும் விசர். சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்திற குரலிலை சொன்னார்: "உனக்கெண்டு எழுதினபடியால்தான், பிள்ளை, ஒருத்தரும் இருக்காமல் காக்கிறன்."

மூண்டரை நிமிசம்

போன வியாழன் சினோ, பனி கொட்டித் தள்ளினது. வாசல் படியை வழிக்கச் சொன்னது எமில் அண்ணை. வழிச்சு முடியேக்கை இடுப்பு வரைக்கும் ஈரம். அவர் பாங்குக்குப் போயிட்டார். உள்ளுக்கை வாறன், கார்த்திக் போட்ட மூண்டாவது பாட்டு தொடங்குது. நான் ஒண்டும் திட்டம் போடேல்லை. ஜன்னலுக்கை ஏறினன், பொலித்தீனைக் கழட்டினன், இருந்தன். கம்பியிலை கால் வைச்சன். அந்தப் பாட்டு எவ்வளவு நல்ல பாட்டு எண்டு அண்டைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. றோட்டாலை போன சனம் இதுவும் விளம்பரம் எண்டு நினைச்சுது. ஒரு கிழவர் தொப்பியைக் கழட்டிக் காட்டினார். மூண்டு பேர் உள்ளை வந்து றெக்கோட் வாங்கினவை. இதை எமில் அண்ணை தன்ரை பதிவிலை எழுதேல்லை.

பாட்டு முடிய எழும்பினன். மெத்தை சுத்தமாக் கறுப்பு. எழுத்து முழுக்க என்ரை கறுப்பு ஜீன்ஸின்ரை பின்பக்கத்திலை, வெள்ளையா, இடம் வலம் மாறி. எமில் அண்ணை வாசலிலை நிக்கிறார். அவருக்குப் பின்னாலை பாட்டுக்காரரின்ரை சாமான் சேர்த்து வைக்கிற ஒருத்தர், ஒவ்வொரு சனியும் வாறவர், எட்டிப் பாத்து மரியாதையாக் கேட்டார்: "போன்ஜூர், அந்த ஜீன்ஸ் விக்கிறதோ?"

விக்கிறதில்லை. தோய்க்கவும் இல்லை. அம்மாட்டை இருந்து ஒளிச்சு வைச்சிருக்கிறன். கண்ணாடிக்கு முன்னாலை பிடிச்சால் ஒவ்வொரு எழுத்தும் வாசிக்கலாம்.

முடிவாச் சொன்னால், தொழிலாளிக்காக அழுகிற முதலாளியிட்டை வேலை செய்தால்தான் கால் கூடுதலா நோகும், ஏனெண்டால் அவர் அழுது முடியுமட்டும் மரியாதைக்கு நிக்கவேணும்.

எமில் அண்ணை, மன்னிப்புத்தானே கேட்டனியள். அந்த வெள்ளைப் பேனைக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன். இப்ப நீங்கள் பதில் சொல்லுங்கோ. அந்த மெத்தையிலை ஆருக்கு, என்ன எழுதியிருந்தது? சொல்லுக்குச் சொல் எழுதுங்கோ. அம்மாட்டைச் சொல்லி அனுப்பவேண்டாம், வாட்ஸ்அப்பிலையும் வேண்டாம். நீங்கள் என்ரை படத்தைப் போட்ட அதே பக்கத்திலை, எல்லாரும் பாக்க, பிரெஞ்சிலை ஒருக்கால், தமிழிலை ஒருக்கால். ஆறுதலா யோசிச்சு எழுதுங்கோ, நான் இப்ப வீட்டிலை கதிரையிலைதான் இருக்கிறன்.