இரண்டு ஆண்டுகள் முந்திய நிறம்

சோமசேகரம் சிவாஜினி, பிறப்பு 1982, உப்புவெளி. 2003 முதல் இன்றுவரை, திருகோணமலை நகரிலிருந்து முக்கால் மணி நேரப் பேருந்துத் தூரத்திலுள்ள ஆடைத் தொழிற்சாலையொன்றில் தையலாளர்.

2006இல் அவர் மாதிரித் தையல் பிரிவுக்கு மாற்றப்பட்டார். வரவிருக்கும் பருவத்துக்கான உடுப்புகளில் முதலாவதை அங்கேதான் தைப்பார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எந்த நிறம் விற்கும் என்று கணிப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் ஐரோப்பாவில் உண்டு. அவை அச்சிட்ட நிற அட்டைகள் சிவாஜினியின் மேசைக்கு வரும். அக்கணிப்பைக் கேட்டே ஆலைகள் நூலுக்குச் சாயமிடும். கடைகளும் அந்நிறத்தையே தொங்கவிடும். வேறு கிடைக்காதபோது சனமும் அதையே வாங்கும். ஆகவே கணிப்புப் பெரும்பாலும் பலித்தது. சிவாஜினி அதை ஐயமின்றி நம்பினார்.

2011 ஓகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை, துறைமுகத்தில் வேலைசெய்த வினோதன் தம் தாயார் புஸ்பராணியுடன் பெண்பார்க்க வருவதாக இருந்தது. முன்னர் மூன்று பேச்சுகள் முறிந்திருந்தன. இது நிறைவேறவேண்டும் என்று சிவாஜினி விரும்பினார். வினோதனின் படத்தைத் தையற்பெட்டியில் வைத்திருந்தார். வெள்ளைச் சேலையொன்றை வாங்கி, நிற அட்டையைக் காட்டி, அதிலிருந்த புதிய நிறத்தையே ஏற்றுவித்தார். ஈரச் சிமெந்தின் நிறம்.

"இண்டைக்கெண்டாலும் அந்தச் சிவப்பைக் கட்டன் பிள்ளை," என்றார் சிவாஜினியின் தாயார்.

"இன்னும் ரெண்டு வருசத்தில எல்லாரும் இதைத்தான் கட்டப்போகினம், அம்மா."

"அவை இண்டைக்குப் பின்னேரமெல்லோ வருகினம்!"

வந்தார்கள், தேநீர் அருந்தினார்கள். வினோதன் சேலைக் கரையை இருமுறை பார்த்தார். மறுநாள் புஸ்பராணியின் மறுமொழி உறவினரொருவர் வாயிலாக வந்தது:

"பிள்ளையில குறையில்லை. ஆனா பொம்பிளை பாக்கிற நாளில ஆரும் செத்தவீட்டு நிறத்தில நிப்பினமோ?"

அடுத்த மேசையில் தைக்கும், கிண்ணியா ஊரைச் சேர்ந்த ரபீக்கா, செய்தி கேட்டுச் சிரித்தார். "நீ ரெண்டு வருசம் முந்திப் போய் நிண்டா, மாப்பிள்ளை எப்பிடிடி வந்து சேருவான்?" சிவாஜினி சிரிக்கவில்லை. அதைக் கண்டதும் ரபீக்கா தன் தையலுக்குத் திரும்பினார்.

2013இல் அம்மன் கோயில் திருவிழாவில் புஸ்பராணி எதிரே வந்தார். உடுத்தியிருந்தது ஈரச் சிமெந்து நிறம்.

"என்ன பிள்ளை, இன்னும் சிவப்போட நிக்கிறீர்? இப்ப இதுதான் பாஷன். என்ர மருமகள் கொழும்பில எடுத்துத் தந்தவ. உமக்கும் நல்லா இருக்கும்."

அந்தப் பின்னேரத்தை அவர் நினைவில் வைத்திருந்ததற்கான அறிகுறி எதுவும் முகத்தில் இல்லை.

"ஓம் மாமி. வடிவா இருக்கு," என்றார் சிவாஜினி.

2017இல் சிவாஜினியின் தாயார் காலமானார். அதற்குள் அட்டைகளும் நின்றுபோயின. கைத்தொலைபேசியில் கோடிக்கணக்கானோர் எதைப் பார்க்கிறார்கள் என்று கணினி எண்ணிச் சொல்லும். மாதிரி பன்னிரண்டு நாளில் முடியவேண்டும். இரண்டு ஆண்டுகள் ஆறு வாரமாகக் குறுகின. ஊருக்குத் தெரியாத எதுவும் சிவாஜினிக்கும் தெரியாது என்றாயிற்று. மாலையில் வீடு திரும்பி ஒருவருக்கு மட்டும் சமைப்பார்.

பழைய ஈரச் சிமெந்து நிறம் மீண்டும் வந்திருப்பதாக 2024இல் கணினி காட்டியது. ரபீக்காவின் மகள் அம்ராவின் கலியாணத்துக்குச் சிவாஜினி, பெண்பார்த்த அன்று கட்டிய அந்தச் சேலையை உடுத்திச் சென்றார். மண்டபத்தில் அதே நிறத்தில் நால்வர் இருந்தனர். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை; அது சரியான நிறம் என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை. பிற்பகல் பேருந்தில் தனியே திரும்பி, சேலையை மடித்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்தார். அதை அவர் கடைசியாக உடுத்தியது 2024 ஜூன் 23ஆந் திகதி.