திருப்பித் தராத பக்கங்கள்

பிரபாவதி இறந்தபோது கல்லூரி வாசலில் கட்டிய கண்ணீர் அஞ்சலி பேனரில் 'ஆய்வக உதவியாளர்' என்று போட்டிருந்தார்கள். பதவியில் தப்பில்லை. பதினோரு வருஷமும் அவளுக்கு அதே வேலைதான். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய ஒப்பந்த வேலை.

திண்டிவனத்தில் காலை ரயிலைப் பிடித்து, விழுப்புரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒன்பது மணிக்குள் கணினி ஆய்வகத்தைத் திறந்துவிடுவாள். முப்பது கணினிகள். அவற்றுக்காகத் துறைத்தலைவர் சுகுமார் ஒரு கண்காணிப்பு புரோகிராம் எழுதியிருந்தார். மாணவர்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அதில் பதிவாகும். ஏதோ ஒரு போட்டியில் அது பரிசும் வாங்கியிருந்தது. பதிவில் இடைவெளி விழக்கூடாது, அதனால் ராத்திரியிலும் கணினிகளை அணைக்கக்கூடாது என்பது அவர் உத்தரவு. மின்வெட்டு மட்டும் அந்த உத்தரவுக்குக் கட்டுப்படவில்லை. தினம் ஒருமுறை வந்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போகும். அதை ஒழிக்க நிர்வாகம் பெரிய பேட்டரி ஒன்றை வாங்கி வைத்தது. கணினிகளுக்கு மின்சாரம் முழுவதும் அதன் வழியாகத்தான் போகும்.

பேட்டரி வந்த ஐந்தாம் நாள் முப்பது கணினிகளும் அப்படியே உறைந்து நின்றன. அணைத்துப் போட்டால் ஓடின. மறுபடி ஐந்தாம் நாள் நின்றன.

"புது பேட்டரி வந்ததுலேர்ந்து ஒரே பேஜாரா இருக்குதும்மா," என்றார் அட்டெண்டர் சவுரிராயன். "நீ ஒயரு எதுனா மாத்தி சொருவிட்டியான்னு சேர்மன் கேட்டுக்கினு இருக்காரு."

"நான் இன்னாண்ணா பண்ணேன்? தொடச்சுத்தான் வெச்சேன்."

"தொடச்சதாலதான் போச்சும்பாங்க. ஜல்தியா எதுனா பாரு."

அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. அன்றைக்குக் கணினிகள் நின்றால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று சுகுமார் சொல்லிவிட்டார்.

கணினியின் நினைவகம் சின்னச்சின்னப் பக்கங்களாகப் பிரிந்திருக்கும். எந்த வேலைக்கும் இயங்குதளத்திடம் பக்கம் கேட்டு வாங்க வேண்டும், முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் பக்கங்கள் தீர்ந்து கணினி நின்றுவிடும். யாரோ வாங்கிக்கொண்டு தராமல் இருக்கிறார்கள் என்பது பிரபாவதிக்குப் புரிந்துவிட்டது. யாரென்று காட்ட, இயங்குதளத்திலேயே தடம் பார்க்கும் கருவி ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவிட்ட இயங்குதளம் அது. ஓடவிட்டாள். பக்கத்துக்கு ஒன்றாக ஐந்து லட்சம் பதிவுகள் வந்து விழுந்தன. உண்மை முழுசாக அதில் இருந்தது. படிக்கத்தான் ஒரு ஆயுள் வேண்டும்.

ரயிலில் போக வர, பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கருவியையே திருத்தினாள். ஒரே வழியில் போன பக்கங்களை ஒன்றாகக் கூட்டி, திரும்பி வந்தவற்றைக் கழித்து, அதிகம் தராதவரை முதலில் காட்ட வேண்டும். முதல் தடவை, யார் எடுத்தார்கள் என்று குறித்து வைக்கவே கருவி பாதி நினைவகத்தைத் தின்றுவிட்டது. அதையும் சரிசெய்தாள். நான்காம் நாள் ஐந்து லட்சம் நாற்பதாகச் சுருங்கியது. முதலில் நின்றது சுகுமாரின் கண்காணிப்பு புரோகிராம். எழுத்துக்கு ஒரு பக்கம் வாங்கியிருந்தது. ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை. வாங்கியதையெல்லாம் தினம் ஒருமுறை அணைத்துப் பிடுங்கி, இத்தனை காலமும் அதன் மானத்தைக் காப்பாற்றி வந்தது மின்வெட்டு.

"என் புரோகிராம்ல தப்புன்னு யாரு சொன்னா?" என்றார் சுகுமார்.

"கடைசில ஒரு வரி சேர்த்தா சரியாயிடும் சார்."

"பரிசு வாங்கின புரோகிராம்மா அது. அதுல போய்க் கை வெப்பாங்களா?"

டீ கொண்டுவந்த சவுரிராயன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கரண்டு போனா சரியாப் போவுதுல்ல சார்? தெனம் ஒரு வாட்டி நாமளே நிறுத்திட்டா இன்னா?"

சுகுமார் முகம் தெளிந்தது. "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."

தேர்வு ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மின் மேலாண்மையைச் சீராக்கியதற்காகச் சேர்மன் சுகுமாருக்குச் சால்வை போர்த்தினார். பிரபாவதி தன் திருத்தத்தை, அந்த இயங்குதளத்தைப் பராமரிக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பிவைத்தாள். மூன்று வாரம் துருவித் துருவிக் கேள்வி கேட்டுவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். எந்த நிறுவனம் என்று கேட்டிருந்தார்கள். கல்லூரிப் பெயரைப் போடலாமா என்று சுகுமாரிடம் கேட்டாள்.

"எதுக்கும்மா வம்பு?" என்றார் அவர்.

ஒப்பந்தம் இன்னொரு வருஷத்துக்கு நீண்டது. சம்பளம் அதேதான். கீழே ஒரு வரி மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது: 'கூடுதல் பொறுப்பு: தினமும் மதியம் ஒரு மணிக்கு ஆய்வகப் பேட்டரியைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தல்.' படித்துப் பார்த்து, தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். மணி ஒன்றாகியிருந்தது. எழுந்து போய் நிறுத்தினாள்.