தறிச்சத்தத்தில் கையால் பேசியவள்

அம்மிணி, இப்படிக் கூப்பிட்டால் உனக்குக் கேட்காது. உயிரோடு இருந்தபோதே மூன்றாவது தடவைதான் திரும்புவாய். அப்போதும் "ஏண்ணா கத்தற?" என்று நீதான் கத்துவாய்.

அவள் என் தங்கை. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்தது. வீட்டில் கூப்பிட்டது அம்மிணி என்றுதான். போன ஐப்பசியில் போய்விட்டாள். நான் ஐந்தாவது வரை படித்தவன், எழுதிப் பழக்கம் இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பள்ளிபாளையம் பக்கம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒன்றிரண்டு பட்டறைகளில்தான் கரண்ட் தறி ஓடியது. நாங்கள் வளர்வதற்குள் எல்லாத் தெருவிலும் தறிச்சத்தம் வந்துவிட்டது. அப்பா இல்லை. அம்மா வீட்டில் நூல் சுற்றிக் கொடுப்பாள். நான் பதிமூன்று வயதில் தறி ஓட்டப் போனேன். இரண்டு வருஷம் கழித்து அவளும் பதிமூன்று வயதில் வந்தாள். எனக்கு நாலு தறி, அவளுக்கு நாலு தறி. நடுவில் ஒரு ஆள் நடக்கிற சந்து. எதிரும் புதிருமாக நிற்போம்.

முதல் நாள் சத்தம் தாங்காமல் அழுதாள். பட்டறையில் பஞ்சுக்கா பஞ்சம்? கொஞ்சம் எடுத்து உருட்டிக் காதில் வைத்துக்கொண்டாள். முதலாளி பார்த்துவிட்டார்.

"பஞ்சு வெச்சா தறி சத்தம் மாறுனா தெரியாது கண்ணு. எடுத்துரு. ஒரு மாசத்துல பழகிரும்."

எடுத்துவிட்டாள். நானும் எடுக்கத்தான் சொன்னேன், ஏனென்றால் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அவர் சொன்னது போல ஒரு மாதத்தில், "இப்பச் சத்தமே தெரியறதில்லண்ணா" என்று சந்தோஷமாகச் சொன்னாள். பழகிவிட்டது என்று நானும் நினைத்தேன். பழகியது இல்லை, காது போய்க்கொண்டிருந்தது.

பட்டறைக்குள் வாய்ப்பேச்சு செல்லாது. எல்லாம் கைதான். இரண்டு விரலைக் கத்தரிபோல் ஆட்டினால் இழை அறுந்துவிட்டது. வயிற்றுக்கு முன்னால் பானைபோல் காட்டினால் முதலாளி வருகிறார். இதையெல்லாம் எங்கள் பட்டறையில் எல்லோரும் செய்வார்கள். அவள் செய்வது வேறு. ஞாயிற்றுக்கிழமை பார்த்த சினிமாவைத் திங்கட்கிழமை முழுதாகக் கையிலேயே சொல்லுவாள். சண்டை, பாட்டு, மாமியார் கொடுமை எல்லாம் வரும். அவள் அழுகிற கட்டத்தைச் சொன்னால் கடைசித் தறியில் நிற்கிற மீசைக்கார அண்ணன் துண்டால் கண்ணைத் துடைப்பார்.

ஒரு சைகை மட்டும் எங்கள் பட்டறையில் சட்டம் மாதிரி. வெளியே போக வேண்டுமென்றால் இரண்டு விரலால் நெஞ்சை இரண்டு தடவை தட்டி, எதிரில் இருப்பவரைக் காட்டி, கட்டைவிரலை வாசல் பக்கம் காட்ட வேண்டும். என் தறியைப் பார்த்துக்கொள், நான் போகிறேன் என்று அர்த்தம். எதிரில் இருப்பவர் முஷ்டியை மடக்கித் தன் நெஞ்சில் வைத்தால், நான் இருக்கிறேன், போ. அந்தப் பதில் வராமல் யாரும் தறியை விட்டு நகரக்கூடாது. கேட்டவருக்குப் பதில் கொடுக்காமல் இருப்பதைப் போல அவமரியாதை பட்டறையில் வேறு இல்லை.

வெளியே வந்தால்தான் எங்களுக்குக் கஷ்டம். ஒருநாள் பஸ்ஸில் அவள் இரண்டு டிக்கெட் கேட்டாள். கண்டக்டர் காதைப் பொத்திக்கொண்டு, "ஏம்புள்ள, பஸ்ஸுல இருக்கற எல்லாத்துக்கும் சேத்துக் கேக்கறயா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் இறங்குகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. பெரியம்மா வீட்டுக் காதுகுத்துக்குப் போனபோது, அவள் வயசுப் பிள்ளைகளே, "தறி வந்திருச்சு, கதவச் சாத்துங்கடி" என்றார்கள். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் வரமாட்டேன் என்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, காதை அதன்மேல் சாய்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள். "தெருவுக்கே பாடுது, கொறச்சு வெய்யி சாமி" என்று அம்மா திருகிவிடுவாள். தங்கை ரேடியோவின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள்.

பதினெட்டு முடிந்ததும் சங்ககிரியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சொந்த லாரி ஓட்டுகிறவர். "மெதுவாப் பேசோணும், என்ன?" என்று அம்மா காலையிலிருந்து பத்துத் தடவை சொல்லியிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா தணிந்த குரலில் கேட்டார். தங்கைக்குக் கேட்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அந்த அம்மாவுக்குப் பின்னால், சமையலறை நிலையோரம் நின்றிருந்தேன். யோசிக்கவே இல்லை. கை தானாக எழுந்தது. சமைக்கத் தெரியுமா என்று கரண்டி கிண்டிக் காட்டினேன். "தெரியுமுங்க" என்றாள் மெதுவாக. எத்தனையாவது படித்தாள் என்று விரலில் கேட்டேன். "அஞ்சாவதுங்க" என்றவள், பழக்கத்தில் ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டாள்.

மாப்பிள்ளையின் அத்தை திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, புள்ளைக்குக் காது கேக்காதுங்களா?"

"அய்யோ, நல்லாக் கேக்குமுங்க. இது தறிப் பழக்கமுங்க" என்றாள் அம்மா.

"அப்ப நாங்க கேக்கறதுக்கு அண்ணங்காரரு எதுக்குங்க கைய ஆட்டறாரு?"

நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அந்த அத்தை எழுந்து, தங்கைக்குப் பின்னால் போய் நின்று, "அம்மிணி" என்றார். நல்ல குரலில்தான் கூப்பிட்டார். எல்லோரும் அவளையே பார்த்தோம். அவள் திரும்பவில்லை. எதற்கு எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

காப்பியைக் குடித்துவிட்டு, "சொல்லியனுப்பறோமுங்க" என்று போய்விட்டார்கள். சொல்லியனுப்பவில்லை.

அன்று சாயங்காலம் அவள் என்னிடம், "இனிமே எங்கிட்டக் கையில பேசாதண்ணா" என்றாள். அன்றைக்கு மட்டும் கத்தாமல் சொன்னாள்.

மறுநாளிலிருந்து பட்டறையில் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். வெளியே போக வேண்டுமானால் அந்தப் பக்கம் நிற்கிற அக்காவிடம் கேட்டாள். சினிமாக் கதையும் நின்றுபோனது. சந்தின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் கத்தினால்தான் கேட்கும். கத்திச் சொல்லும் அளவுக்கு எங்களிடம் என்ன பெரிய விஷயம் இருக்கும்? சாப்பிட்டாயா என்பதையா கத்துவது? அதனால் அதையும் கேட்காமல் விட்டேன்.

ஆவணியில் அவளுக்குக் கண் மஞ்சளானது. பத்தியம் இருந்தாள், பச்சிலை குடித்தாள், தேறுவது போலத் தேறித் திரும்பவும் படுத்தாள். சேலம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். எட்டாம் நாள் மத்தியானம் அம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். வார்டில் சத்தமே இல்லை. அவ்வளவு அமைதியான இடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து இருந்ததே கிடையாது. அவள் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. குனிந்து பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

அப்போது கையைத் தூக்கினாள். அத்தனை மாதம் கழித்து என்னிடம் கையால் பேசினாள். இரண்டு விரலால் நெஞ்சைத் தட்டினாள். என்னைக் காட்டினாள். கட்டைவிரலை வாசல் பக்கம் காட்டினாள்.

பட்டறையில் அதை ஒண்ணுக்குப் போகவும் கேட்போம், டீ குடிக்கவும் கேட்போம். அவள் எதற்குக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. நான் பயந்துவிட்டேன். முஷ்டியை நெஞ்சில் வைத்தால் போய்விடுவாள் என்று தோன்றியது. கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "எங்கயும் போக வேண்டாஞ் சாமி, படு" என்று வாயால் சொன்னேன். அவளுக்குக் கேட்டிருக்காது. திரும்பவும் காட்டினாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அம்மா வந்துவிட்டாள். விளக்குப் போடும் நேரத்துக்கு முன்னாலேயே தங்கை போய்விட்டாள். பதில் வராமலே போய்விட்டாள்.

அவளுடைய நாலு தறியையும் சேர்த்து இப்போது நான்தான் ஓட்டுகிறேன். வேறு ஆள் போட வேண்டாம் என்று முதலாளியிடம் கேட்டுக்கொண்டேன். எட்டுத் தறிக்கும் நடையாய் நடக்கிறேன். எனக்கும் காது மந்தமாகிவிட்டது. எதிரில் ஆள் இல்லாததால் நாள் முழுக்கப் பேச்சே இல்லை. சில நேரம் காலிச் சந்தைப் பார்த்து முஷ்டியை மடக்கி நெஞ்சில் வைக்கிறேன். மீசைக்கார அண்ணன் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறார்.

அம்மிணி, நான் இருக்கிறேன், போ. இதை அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும்.

இதைப் படிக்கிற எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். பதில் கிடைக்காமல் கிளம்பியவள் தறியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போவாள். என் தங்கை திரும்பிப் பார்க்காமல், நிம்மதியாகப் போய்ச் சேர வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், அவளுக்குக் கேட்காது. கையைக் கூப்பினால் போதும். கையால் சொன்னால் அவளுக்குப் புரியும்.